தூக்கம் வராத இரவுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மாலையில் விளக்கு ஏற்றும் நேரம் வந்தாலே "இன்றைக்காவது தூக்கம் வருமா" என்று நெஞ்சு கனக்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வுக்கு முந்தைய இரவும், வீட்டில் கல்யாண வேலை நடக்கும் வாரமும் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கும். அது தானாகச் சீராகிவிடும், அதற்கு வழிமுறை எதுவும் வேண்டாம். தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் கெட்டு, அதன் பாதிப்பு பகலிலும் தெரிந்து, இந்த நிலை 3 மாதங்களைத் தொட்டுவிட்டால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இங்கே பேசப்போவது அதைப் பற்றித்தான்.

எனக்கு அது 11 மாதங்கள் நீடித்தது. அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துக் கழித்த 9 இரவுகளில் தொடங்கியது. அப்பா நலமாக வீடு திரும்பி, யாருடைய துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கிய பிறகும் என் தூக்கம் திரும்பவில்லை. ஏன் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதற்குத் தெளிவான விளக்கம் ஒன்றைத் தந்திருக்கிறார். எளிதில் விழித்துக்கொள்ளும் இயல்பு சிலருக்கு முன்பே இருக்கிறது. ஏதோ ஒரு நெருக்கடி வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. நெருக்கடி விலகிய பின்னும் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடித்திருப்பவை, இழந்த தூக்கத்தை ஈடுகட்டுவதற்காக நாமே செய்யும் காரியங்கள். சீக்கிரமே போய்ப் படுப்பது, விடிந்த பின்னும் புரண்டுகொண்டிருப்பது, மதியம் சாய்வது, விருந்தினர் வருகையைத் தவிர்ப்பது, நாள் முழுவதும் தூக்கத்தைப் பற்றியே யோசிப்பது என்று அந்தப் பட்டியல் நீளும். ஆகவே கீழே வரும் திருத்தங்களில் பெரும்பாலானவை, செய்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தச் சொல்பவையாகவே இருக்கும்.

பிழை எங்கே என்று பார்ப்பதற்கு முன் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது தெரிய வேண்டும். தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்று 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். ஒன்று தூக்க அழுத்தம்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் இறங்கும், மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மற்றொன்று உடற்கடிகாரம்: வெளிச்சத்தையும் எழும் நேரத்தையும் வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் எதிராக நிற்பது, ஆபத்து என்று தோன்றும்போது உடலை உசுப்பி விழிக்க வைக்கும் எச்சரிக்கை உணர்வு. புலி வரும் காட்டில் தூங்கிவிடாமல் காப்பாற்றியது இதுதான். "தூக்கம் வராதோ" என்ற அச்சத்தையும் இது புலியாகவே எடுத்துக்கொள்கிறது. கீழே உள்ள அறிகுறி ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் நேர்ந்த கோளாறு.

முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியவை

எல்லாத் தூக்கக்கேடும் இந்த வழிமுறைக்குள் அடங்காது. உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால், அல்லது காலையில் தலைவலியோடு எழுந்து பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தால், உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். இரவு படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற குடைச்சல் எடுத்து, எழுந்து நடந்தால் மட்டும் அடங்கினால், அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வருகிறது என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பார்ப்பது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்பம், ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் அசதியே இல்லாமல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகமும் பேச்சும் செலவும் கூடியிருந்தால், அது தூக்கமின்மை அன்று. மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டிய நிலை.

தூங்காத இரவுகளில் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இதை மேலும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் எந்த நேரத்திலும் பேசலாம். நடு இரவில் அழைப்பதற்குத் தயங்க வேண்டாம், அந்த நேரத்துக்காகவே அங்கே ஆள் இருக்கிறார்கள்.

அறிகுறி: பத்து மணிக்குப் படுத்தாலும் ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை

இங்கே பெரும்பாலும் பிழை தூக்க அழுத்தத்தில் இருக்கும். உடல் ஐந்தரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருக்க, நாம் அதற்கு எட்டரை மணி நேரப் படுக்கையைக் கொடுக்கிறோம். மிச்சமுள்ள மூன்று மணி நேரம் புரள்வதற்கும் பயப்படுவதற்கும் போய்விடுகிறது. பசியில்லாதவர் இலை முன்னால் முன்கூட்டியே போய் உட்கார்ந்தால் பசி வந்துவிடாது.

இதற்கான திருத்தத்தை ஸ்பீல்மன் 1987இல் வகுத்தார். படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்குவதே அது. முதல் 2 வாரங்களுக்கு வேறு எதையும் மாற்றாமல், தினமும் காலையில் ஒரு நோட்டில் நான்கு விவரங்களை மட்டும் எழுதி வாருங்கள்: எப்போது படுத்தீர்கள், தோராயமாக எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினீர்கள், நடுவே எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். இரவில் கடிகாரம் பார்த்து எழுதக் கூடாது. காலையில் நினைவை வைத்து உத்தேசமாக எழுதினால் போதும். என் நோட்டில் 14 நாட்களின் சராசரி, படுக்கையில் 8 மணி 30 நிமிடம், தூக்கம் 5 மணி 20 நிமிடம் என்று வந்தது. 510 நிமிடத்தில் 320 நிமிடம், அதாவது நூற்றுக்கு 63.

பிறகு எழும் நேரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது பிள்ளையின் பள்ளிக்கும் உங்கள் வேலைக்கும் ஒத்துவரக்கூடியதாகவும், ஞாயிற்றுக்கிழமையும் மாறாததாகவும் இருக்க வேண்டும். நான் 5.30 என்று வைத்தேன். என் சராசரியான 5 மணி 20 நிமிடத்தை ஐந்தரை மணி நேரமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நள்ளிரவு 12. ஆகவே, 12 மணிக்கு முன் படுக்கையில் தலை சாய்க்கக் கூடாது, 5.30க்குப் பின் அதில் இருக்கக் கூடாது. சராசரித் தூக்கம் 4 மணி நேரமாகவே இருந்தாலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வாரம் ஒருமுறை கணக்குப் பார்த்து, படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85க்கு மேல் தூங்கியிருந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 80க்கும் 85க்கும் நடுவே இருந்தால் அப்படியே தொடரலாம். அதற்கும் கீழே என்றால் 15 நிமிடம் குறைக்க வேண்டும்.

முதல் பத்து நாள் கடினம், இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இரவு 11 மணிக்குக் கண் சொக்கும். அப்போது படுக்காமல் இருப்பது, படுத்தும் தூங்காமல் இருப்பதைவிடச் சிரமமாகத் தெரியும். நான் அடுப்படி மேடையருகே நின்றபடியே மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கினேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, 12 மணிக்குப் படுத்த நினைவு இருக்கிறது, அடுத்த நினைவு அலார ஒலி. 5.30க்கு எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையில் என் தலை பதிந்த பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு முழுவதும் நான் அங்கேதான் இருந்திருக்கிறேன் என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக இருந்தது.

வலிப்பு நோய் உள்ளவர்களும், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும், தூக்கத்தில் நடப்பவர்களும், மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவர்களும் இந்த முறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. லாரி, பேருந்து ஓட்டுபவர்களும் உயரத்தில் நின்று வேலை செய்பவர்களும் அப்படியே. தூக்கக் கலக்கம் கூடும் அந்த முதல் வாரங்களில் விபத்து நேரலாம். அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில், இதைவிட மெதுவாகச் செய்யும் வழிகள் உண்டு.

அறிகுறி: நாற்காலியில் கண் சொக்குகிறது, கட்டிலில் தலை வைத்ததும் தெளிந்துவிடுகிறது

இது பழக்கத்தால் வந்த பிழை. மாதக்கணக்கில் ஒருவர் கட்டிலில் கிடந்து தவித்தால், கட்டில் என்றாலே தவிப்பு என்று உடல் கற்றுக்கொள்கிறது. புளியைப் பார்த்ததும் நாவில் நீர் ஊறுவதைப் போல, தலையணையைத் தொட்டதும் விழிப்பு ஊறுகிறது. இந்தப் பிணைப்பை அறுக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வெளியிட்டார். இன்றுவரை அதன் விதிகள் பெரிதாக மாறவில்லை. தூக்கக் கலக்கம் வந்தால் மட்டும் படுப்பது. படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டுமே வைத்துக்கொள்வது. கால் மணி நேரம் ஆனது போல் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்துக்குப் போவது. மறுபடி கண் சொக்கும்போது மட்டும் திரும்புவது. எத்தனை முறை ஆனாலும் இதையே செய்வது.

இங்கே அசதியையும் தூக்கக் கலக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். உடம்பு அடித்துப்போட்டது போல் இருப்பது அசதி. இமை தானாக இறங்குவதும், படித்த வரியையே திரும்பப் படிப்பதும், தலை ஒரு பக்கம் சாய்வதும் தூக்கக் கலக்கம். நாள்பட்டுத் தூங்காதவர்களிடம் முதலாவது நிறைய இருக்கும், இரண்டாவது இருக்காது. அசதியை நம்பிப் படுக்கப் போவதே பலருக்கு நேரும் பிழை.

"எழுந்து வேறு அறைக்குப் போங்கள்" என்று எழுதுவது எளிது. ஒரே அறையில் நான்கு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? அத்தகைய வீட்டில், தலையணையை மடித்துச் சுவரோரம் வைத்து, படுத்திருந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். படுத்தபடி தவிப்பதை நிறுத்துவதே இங்கே நோக்கம். வாசற்படியோ அடுப்படியோ இருந்தால் அங்கே மங்கிய வெளிச்சத்தில் உட்காரலாம். கையில் செய்வது சலிப்புத் தட்டாததாகவும் மனத்தைக் கிளறாததாகவும் இருக்க வேண்டும். பருப்பில் கல் பொறுக்குவதும், துவைத்த துணி மடிப்பதும், பழைய வார இதழைப் புரட்டுவதும் பொருந்தும், கைபேசி பொருந்தாது. அதன் வெளிச்சத்தைவிட, அதில் வந்து நிற்கும் செய்திகள்தான் மனத்தை அதிகம் உசுப்புகின்றன என்பது என் அனுபவம்.

நான் எழுந்து உட்காருவதைப் பார்த்த அம்மா, "சும்மா கண்ணை மூடிப் படுத்துக் கிடம்மா, தானா வரும்" என்பார். தூக்கம் நன்றாக வருகிறவர்களுக்கு அது சரியான அறிவுரை. வராதவர்களுக்கு அந்தக் கிடைதான் நோயை வளர்க்கிறது. வீட்டாரிடம் பகலிலேயே இதைச் சொல்லி வைத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிவதைப் பார்த்து அவர்களும் பதறுவார்கள்.

அறிகுறி: கண் அயரும் தருவாயில் உடல் தூக்கிப்போடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது

படியிலிருந்து வழுக்கி விழுவது போன்ற அந்தத் துள்ளல் விழிப்பிலிருந்து உறக்கத்துக்குள் இறங்கும்போது தசைகள் திடீரென இழுபடுவதால் வருவது. ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது வந்திருக்கும், இதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. களைப்பும் பதற்றமும் காபியும் கூடும்போது அதுவும் கூடும். அதற்குப் பயந்து விழித்திருப்பதால்தான் அது தொல்லையாகிறது. "உறக்கத்தின் வாசல் வரை வந்துவிட்டோம்" என்பதற்கு அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்பு நடக்கும்போதோ படியேறும்போதோ வந்தாலும், மார்பு வலியோ மயக்கமோ கூட வந்தாலும், அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சரியாக மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிப்பதில்லை

ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக உறக்கம் ஓடுகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். பின்பாதியில் உறக்கம் மெலிந்து, கனவுகள் நீளும். சுற்றுகளுக்கு இடையே சில நொடிகள் விழிப்பது எல்லோருக்கும் இயல்பு, அது காலையில் நினைவில் இருக்காது. தூக்கமின்மை உள்ளவர் அந்தச் சில நொடிகளில் கேட்கும் முதல் கேள்வி "மணி என்ன?" என்பது. மணி தெரிந்ததும் கழித்தல் கணக்கு தொடங்கும்: 3.10, இன்னும் இரண்டரை மணி நேரம்தான், இப்போதே தூங்கினால்... அந்தக் கணக்கு முடியும்போது எச்சரிக்கை உணர்வு முழுவதுமாக விழித்துவிடுகிறது.

எனவே முதல் திருத்தம் கடிகாரத்தை அகற்றுவது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை நான் கழற்றினேன். கைபேசியை அலாரம் வைத்து அடுத்த அறை அலமாரியில் கவிழ்த்தேன். அப்படியும் எங்கள் தெரு தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருந்தது. நாலரை மணிக்குப் பால் வண்டியின் தகர டப்பா உரசும், அடுத்து எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிப்பார், தண்ணீர் தரையில் சளப்பென்று விழும். அந்தச் சளப் ஒலி கேட்டால் என் வயிறு சுருங்கும்; இரவு தோற்றுவிட்டது என்று அதற்கு நானே பொருள் கொடுத்திருந்தேன். பிறகு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன், அந்த இரைச்சலில் தெரு கொஞ்சம் அமுங்கியது.

விழித்ததும் செய்ய வேண்டியது முன்பு சொன்னதே: சற்று நேரம் சுகமாகப் படுத்திருக்க முடிந்தால் படுத்திருங்கள், தவிப்பு தொடங்கினால் எழுந்துவிடுங்கள். அந்த நேரத்தில் மனத்தில் எழும் எண்ணங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு; பகலில் கடுகாக இருந்த கவலை அப்போது மலையாகத் தெரியும். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, மூளை அரைத் தூக்கத்தில் இருக்கும் வேளை அது. கடனைப் பற்றியோ, மேலதிகாரிக்கு எழுத வேண்டிய பதிலைப் பற்றியோ அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று முன்னதாகவே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை விழிப்போடு, விடியும்போது மனம் மிகவும் இருண்டு, பிடித்தவற்றில்கூட நாட்டம் இல்லாமல் 2 வாரங்களுக்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம். அதற்குச் சிகிச்சை பெறுவது முதல் வேலை. மாலை எட்டு மணிக்கே தொலைக்காட்சி முன் தூங்கிவிட்டு மூன்று மணிக்கு எழும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நோயே இல்லை, போதிய தூக்கம் முடிந்துதான் எழுகிறார்கள். மது அருந்திவிட்டுப் படுப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை, பின்பாதி உடைந்து போவதும் உண்மை.

அறிகுறி: மாலை ஆனதும் பயம் பிடிக்கிறது

இந்த அறிகுறியில்தான் நான் அதிக நாள் சிக்கியிருந்தேன். பகல் முழுக்க ஓரளவு நன்றாக இருப்பேன். ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்ததும் உள்ளங்கை வியர்க்கும். கைபேசியில் தூக்கமின்மை பற்றித் தேடத் தொடங்குவேன். அப்படித் தேடுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் இரவில், தூக்கமே இல்லாமல் உயிரைப் பறிக்கும் அந்த மரபுவழி நோயின் பெயரில் வந்து மோதுகிறார்கள். உலகத்தில் மிகச் சில குடும்பங்களில் மட்டும் காணப்படும், மூளைப் புரதம் பழுதாவதால் வரும் நோய் அது. உங்களுக்கு இருப்பது அதுவாக இருக்கும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். நினைவும் நடையும் பேச்சும் கெடாமல், பயத்தால் தூங்காமல் இருப்பவரின் நிலை முற்றிலும் வேறு.

பயத்துக்கு அடியில் இருப்பது ஒரு தவறான கணக்கு: இழந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் உடல் வட்டியோடு கேட்கும் என்பது. 1963 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1964 ஜனவரி வரை, அமெரிக்காவின் சான் டியகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர், ஆய்வாளர்களின் கண்காணிப்பில் 264 மணி நேரம் விழித்திருந்தார். யாரும் செய்து பார்க்கக் கூடாத சோதனை அது. நடுவே அவருக்குக் குழப்பமும் எரிச்சலும் வந்தன. ஆனால் அதன் பிறகு அவர் தூங்கிய முதல் உறக்கம் 15 மணி நேரத்துக்கும் குறைவு. 11 நாட்களின் தூக்கத்தை மணிக்கு மணி அவர் திருப்பித் தூங்க வேண்டியிருக்கவில்லை. உடல், கிடைத்த உறக்கத்தில் ஆழத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறது. மோசமான இரவுகளுக்குப் பின் ஒரு நல்ல இரவு வருவது அதனால்தான். நாளை கட்டாயம் 8 மணி நேரம் வேண்டும் என்று நெருக்குவதை விட்டுவிட்டால் அது இன்னும் சீக்கிரம் வரும்.

செய்முறையாக இரண்டு சொல்கிறேன். முதலாவது, மாலை ஆறு மணிக்கு 20 நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குவது. தாளை நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அதற்கு நாளை செய்யக்கூடிய அடுத்த சிறு வேலையையும் எழுத வேண்டும். செய்வதற்கு எதுவும் இல்லை என்றால் அப்படியே எழுதலாம். இரவில் அதே கவலை வந்தால், "இது தாளில் இருக்கிறது" என்று விட்டுவிட அது உதவுகிறது. இரண்டாவது, தூங்கும் முயற்சியைக் கைவிடுவது. விளக்கை அணைத்து, வசதியாகப் படுத்து, கண்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருப்போம்" என்று இருக்க வேண்டும். ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் வகுத்த முரண் நோக்கம் என்ற இந்த முறை கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும், பயத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் செய்துவிடுகிறது. தூக்கத்தை முயன்று வரவழைத்தவர் யாரும் இல்லை.

பாலில் மஞ்சளோ கசகசாவோ போட்டுக் குடிப்பதில் தவறில்லை, ஜாதிக்காயை மட்டும் அளவு மீறிச் சேர்க்கக் கூடாது, அது நச்சாகும். ஆனால் பால் குடிக்க மறந்த இரவில் "இன்றைக்குத் தூக்கம் போயிற்று" என்று தோன்றினால், அந்தப் பாலே பயத்தின் பகுதியாகிவிட்டது என்று பொருள். ஓர் இரவு வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துவதும், அறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைப்பதும், கத்திரி வெயில் நாட்களில் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்து உடல் வெப்பம் இறங்க வழி செய்வதும் நல்லவையே. காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆனால் இவற்றை மட்டும் வைத்து நாட்பட்ட தூக்கமின்மையைத் தீர்க்க முடியாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவற்றைத் தனிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

அறிகுறி: பொட்டுத் தூக்கம் இல்லை என்று நான் சொல்கிறேன், குறட்டை விட்டேன் என்று வீட்டார் சொல்கிறார்கள்

இருவரும் பொய் சொல்லவில்லை. எச்சரிக்கை உணர்வு அடங்காத உறக்கத்தில் மூளையின் ஒரு பகுதி கேட்டுக்கொண்டே இருக்கிறது; அதனால் தூங்கிய நேரமும் விழித்த நேரமாகவே பதிவாகிறது. பல இரவுகளில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தூங்கியிருப்பீர்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன திருத்தங்களையே தொடருங்கள். மணிக்கட்டில் கட்டும் தூக்க அளவுக் கருவிகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் எண்ணைப் பார்த்தே நோயாளியாகும் நிலைக்கு 2017இல் ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அறிகுறி: மாத்திரை இல்லாமல் முடியவில்லை

மாத்திரை எடுப்பவர்கள் தங்களைக் குற்றவாளிகளாக எண்ண வேண்டாம். கடும் நெருக்கடியில் சில நாட்களுக்கு அது கைகொடுக்கும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல், மேலே சொன்ன முறைகளை உள்ளடக்கிய அறிதல் நடத்தைச் சிகிச்சையையே முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்றது. தூக்க மாத்திரையைக் குறுகிய காலத்துக்கு, அதிகபட்சம் 4 வாரங்கள் வரை தரலாம் என்பது 2017இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியின் நிலை. சிக்கல், வாரம் மாதமாகி மாதம் வருடமாகும்போது வருகிறது.

அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளையும் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையையும் வாரக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், தூக்கம் முன்பிருந்ததைவிட மோசமாகக் கெடும். நடுக்கமும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். இதைக் கண்டு "மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மருந்து விலகும்போது வரும் எதிர்வினை, உங்கள் இயல்பான தூக்கத்தின் அளவு அன்று. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சென்று, வாரங்களாகப் பிரித்துச் சிறிது சிறிதாகக் குறைக்கும் திட்டத்தைக் கேளுங்கள். அதே காலத்தில் படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டால் குறைப்பது எளிதாகிறது. இந்த மருந்துகளோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். சோல்பிடெம் எடுத்துவிட்டு, தூக்கத்திலேயே நடந்ததும் வண்டி ஓட்டியதும் நேர்ந்திருப்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் பழக்கத்தின் பேரில் வாங்குவதை இன்றே நிறுத்திக்கொண்டு, உங்களிடம் மிச்சமுள்ள மாத்திரைகளோடு மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு முதலில் மாத்திரை எழுதியவர், எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது. வேறொரு மருத்துவர் அதை 9 வாரங்களில் படிப்படியாக நிறுத்த உதவினார். அரை மாத்திரையைக் கால் மாத்திரையாக்கிய வாரம்தான் கடினமாக இருந்தது. கால் மாத்திரையிலிருந்து ஒன்றுமில்லை என்பதற்குப் போனது எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது.

அறிகுறி: சரியாகி வந்தது, மறுபடி நான்கு இரவுகளாகத் தூக்கம் இல்லை

இது அநேகமாக எல்லோருக்கும் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊர்ப் பயணம், வேலையில் ஒரு கசப்பு, ஏதாவது ஒன்று போதும். அந்த நான்கு இரவுகளில் ஆபத்தானது தூக்கக் குறைவைவிட, அதற்குப் பதிலாக நாம் செய்யத் துடிக்கும் பழைய காரியங்கள். ஒன்பது மணிக்கே படுக்கப் போகாதீர்கள். மதியத் தூக்கம் தவிர்க்க முடியாதென்றால் மூன்று மணிக்குள், 20 நிமிட அலாரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். எழும் நேரத்தை எக்காரணம் கொண்டும் நகர்த்தாதீர்கள். எழுந்ததும் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். பேச ஒப்புக்கொண்ட இடத்தில் போய்ப் பேசுங்கள், சமைக்க நினைத்ததைச் சமையுங்கள். தூங்காத நாளுக்கென்று தனி வாழ்க்கை வைத்துக்கொண்டால் பயம் அதில் குடியேறிவிடும். இப்படி இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் நோட்டை மறுபடி எடுத்து, 7 நாள் எழுதி, சராசரியைக் கணக்கிட்டு, படுக்கை நேரத்தைச் சுருக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது முறை முதல் முறையைப் போல் அவ்வளவு நாள் எடுப்பதில்லை. எனக்கு 12 நாட்கள் ஆயின.